வெயிட்டு இல்லாத ஸ்டாண்டு

போன ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் ஒரு ரிசப்ஷன். பந்தியில் இடம் பிடிக்கக் கிளம்பிய என்னை மொட்டை மாடியில் கேட்ட சத்தம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

சண்டைதான். ஆனால் ஒரே ஒரு வார்த்தையால் வந்த சண்டை... வெயிட்டு!

போட்டோ எடுக்க வந்திருந்தவர் தேவகி. காலடிப்பேட்டையில் வீட்டு முன்னறையிலேயே ஸ்டூடியோ வைத்திருப்பவர். என் பிலிம் ரோல்களை அவர்தான் கழுவித் தருவார். எதிரில் நின்றவர் பெண்ணின் தாய்மாமன் ஏகாம்பரம், ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். அவர் மகளுக்கும் தை மாதம் கல்யாணம். அந்த ஆர்டரைத் தேவகிக்குத்தான் தருவதாகச் சொல்லியிருந்தார்.

மாடிக்கு வந்த ஏகாம்பரம், தேவகியின் கேமரா ஸ்டாண்டை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டார். முகம் சுருங்கிப் போனது.

“இன்னாம்மா இது, காத்தாடி குச்சி கணக்கா கீது? போன தபா ஒண்ணு எத்துகினு வந்தியே, அது வெயிட்டு! இத்த நம்பி எம் பொண்ணு கல்யாணத்த எப்டிம்மா குடுக்கறது?”

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் வெயிட்டு என்றால் எடை மட்டுமல்ல, மரியாதை. பெரிய மனிதர் ‘வெயிட்டு பார்ட்டி’. சாப்பாடு பிரமாதம் என்றால் அதுவும் வெயிட்டு. மிக்ஸியோ கட்டிலோ, எது வாங்கினாலும் முதலில் கையால் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மற்ற பேச்சு. கனமாக இருந்தால் நல்ல சரக்கு. லேசாக இருந்தால் டுபாக்கூர். இதில் கன்டெய்னர் தூக்குகிறவருக்கு மட்டும் வேறு எப்படித் தோன்றும்?

ஆனால் அந்த ஸ்டாண்டின் கதை எனக்குத் தெரியும். அதை வாங்கிய அன்று நானும் கூட இருந்தேன்.

பத்து வருஷமாகப் பழைய ஸ்டாண்டைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறி இறங்கியதில் தேவகியின் இடது தோள் போய்விட்டது. “ஒண்ணு, வெயிட்டை விடுங்க. இல்லேன்னா வேலையை விடுங்க” என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வேலையை விட்டால் சாப்பாட்டுக்கு? பாரீஸ் கார்னர் பக்கம் ஒரு கேமரா கடைக்குக் கிளம்பினார். எண்ணூரில் கப்பல்களைப் படம் பிடிக்க எனக்கும் ஒரு ட்ரைபாட் தேவைப்பட்டது, நானும் ஒட்டிக்கொண்டேன்.

கடைக்காரர் இரண்டை நிறுத்தினார். ஒன்று அலுமினியம். மற்றது கார்பன் ஃபைபர் — கறுப்பாக, லேசாக, விலை மட்டும் நாலு மடங்கு கனமாக!

“தேவகி, பேசாம அலுமினியத்துலயே சின்னதா ஒண்ணு வாங்கிடுங்க” என்றேன். பெரிய யோசனைக்காரன் நான்.

அவரோ கடைக்காரரிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். குடிக்க என்று நினைத்தேன். டம்ளரை அலுமினிய ஸ்டாண்டின் தலையில் வைத்து, காலை விரலால் ஒரு சுண்டு சுண்டினார். தண்ணீர் நடுங்கியது... நடுங்கிக்கொண்டே இருந்தது. அடுத்து கார்பன் ஃபைபர். அதே சுண்டு. தண்ணீர் ஒரு சிலிர்ப்பு சிலிர்த்து, சட்டென்று நின்றுவிட்டது.

“எங்க வூட்டாண்ட ட்ரெய்லர் லாரி போறப்பல்லாம் டம்ளர் தண்ணி ஆடும் சார். அது நின்னாதான் பாஸ்போர்ட் போட்டோவே எடுப்பேன். எனுக்கு இதான் கணக்கு” என்றார்.

கடைக்காரர் வாயைப் பிளந்தார். நானும்தான். கையிருப்பை வழித்துக் கொடுத்து அதையே வாங்கினார் தேவகி. நான்? சிக்கனமாக அலுமினியம் வாங்கினேன், அதுவும் இருந்ததிலேயே மலிவானது.

சரி, மொட்டை மாடிக்கு வருவோம்.

இரண்டு குடும்பமும் நாலு வரிசையாக நின்றாகிவிட்டது. பொழுது சாய்கிற நேரம், வெளிச்சம் கம்மி. ஷட்டர் மெதுவாகத்தான் திறந்து மூட வேண்டும். ஸ்டாண்டு துளி ஆடினாலும் படம் காலி. அந்த நேரம் பார்த்துக் கடல் காற்று ஒரு தள்ளு தள்ளியது. ஸ்டாண்டு லேசாக அசைந்தது.

“பாத்தியா! நா சொல்லல?” என்றார் ஏகாம்பரம்.  தை மாத ஆர்டர் போச்சு என்றே நினைத்தேன்.

தேவகி அசரவில்லை. வாசலில் கொடுக்க மாடியில் அடுக்கி வைத்திருந்த தாம்பூலப் பைகளில் ஏழெட்டை எடுத்தார். எல்லாவற்றிலும் தேங்காய். ஒரு கட்டைப் பையில் அவற்றைப் போட்டு, ஸ்டாண்டின் நடுவில் கீழே இருந்த கொக்கியில் மாட்டினார். பை ஊஞ்சலாடாமல் தரையை லேசாகத் தொடும்படி உயரத்தைச் சரி செய்தார்.

“வெயிட்டு வேணுங்கற எடத்துல இருந்தா போதும் அண்ணாத்த. வழியெல்லாம் என் தோள்ல இன்னாத்துக்கு?”

ஏகாம்பரம் குனிந்து கொக்கியைப் பார்த்தார். பையைப் பார்த்தார். ஸ்டாண்டை ஓர் ஆட்டு ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

“அட... கவுன்ட்டர் வெயிட்டு! நம்ம கிரேன்ல பின்னால வச்சிகீறாங்களே, அது இல்லேன்னா வண்டி குப்புற வுழுந்துடும். அத்த இங்க மாட்டிகினியா!”

அப்போது கீழே ஒரு ட்ரெய்லர் போனது. மாடியே அதிர்ந்தது. “யாரும் ஆடாதீங்க, அது போவட்டும்” என்று கையைத் தூக்கினார் தேவகி. அவர் கண் கைப்பிடிச் சுவர் மேல் இருந்தது. அங்கே ஒரு டம்ளர் தண்ணீர்! எப்போது வைத்தாரோ... தண்ணீர் நின்றது. க்ளிக்.

நேற்று ஸ்டூடியோவில் அந்தப் படத்தைப் பார்த்தேன். கடைசி வரிசைப் பெரியவரின் சட்டைப் பையில் இருந்த பேனா மூடி வரை துல்லியம். பெருமையாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, ஒளிப்பானேன்?

தை மாத ஆர்டர் தேவகிக்கே. ஏகாம்பரம் ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருக்கிறாராம்: “கொக்கில பைய நாந்தான் மாட்டுவேன்!”

என் மலிவு ட்ரைபாடா? எண்ணூரில் அது ஆடி ஆடி எடுத்த கப்பல்களுக்கெல்லாம் இரண்டிரண்டு புகைபோக்கி. இப்போது எங்கள் மாடியில் வடாம் காயும் வேட்டியின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது... நல்ல வெயிட்டாக!