கூட்டலும் கழித்தலும் போதும்

மேடம் என்றதும் என் நினைவுக்கு வருவது, பண்ணைக்காட்டு வாழைத்தோட்டத்தில் அவர் ஜீப்பின் மேல் விரித்துக் காட்டிய ஒரு நீளத் தாள். அதில் எண்களே கிடையாது. முழுக்கக் கூட்டல் குறியும் கழித்தல் குறியும்தான். இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. எங்கள் ஆய்வுக்குழுவுக்கு அவர் தலைவி. நான் அவருக்குக் கீழே வேலை பார்த்த எஞ்சினியர், கொஞ்சம் பயந்தாங்கொள்ளியும்கூட.

விண்வெளியிலிருந்து வரும் மிகத் தாழ்ந்த அலைவரிசை ரேடியோ அலைகளைக் காற்றுமண்டலத்தின் மேலடுக்கு பூமிக்கு விடாமல் திருப்பி அனுப்பிவிடுகிறது. அவற்றைக் கேட்க வேண்டுமென்றால் குட்டிச் செயற்கைக்கோள்களில் ஆண்டெனாக்களை மிதக்கவிட்டு, அவை கேட்டதையெல்லாம் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். ஆனால் அவ்வளவு தகவலையும் கீழே அனுப்ப வழியில்லை. அலையின் அளவையே தூக்கி எறிந்துவிடலாம், ஒவ்வொரு கணமும் அது மேலே ஏறி நிற்கிறதா கீழே இறங்கி நிற்கிறதா, அதாவது கூட்டலா கழித்தலா என்பதை மட்டும் அனுப்பினால் போதும் என்றார் மேடம். எங்கள் திட்டத்தைத் தொடரலாமா என்று முடிவுசெய்யும் மதிப்பீட்டுக் குழுவினர் சிரித்தார்கள். நேரில் செய்து காட்டாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவதாகவும் எழுதிவிட்டார்கள். அவருடைய ஆறு வருட உழைப்பு அது.

ரேடியோ இரைச்சல் குறைவாக இருக்குமென்று பண்ணைக்காட்டு மலையில் இடம் பிடித்தோம். ஓர் ஆண்டெனாவைத் தோட்டத்தில் நட்டோம். இன்னொன்றை, செயற்கைக்கோள் மேலே மிதக்கிற மாதிரி நகரட்டும் என்று, ஜீப்பின் தலையில் கட்டினோம். தரைவரை வந்து சேரும் சற்று உயர்ந்த அலைவரிசையில் இரண்டும் சூரியனின் ஒரே ரேடியோ வெடிப்பைக் கேட்டிருந்தால், ஒப்பிடும்போது திரையில் சீரான அலைக்கோடு எழ வேண்டும். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அளவுகளை முழுதாகப் பதியும் பழைய பெட்டி ஒன்றை, மேடத்திடம் சொல்லாமல், அதே ஒயரில் மாட்டி வைத்தேன்.

மதிப்பீட்டுக் குழு வந்த அன்று காலையில் நிறுத்த வேண்டிய மின்வேலியைத் தோட்டக்காரர் நிறுத்தவில்லை. நொடிக்கு ஒருமுறை அது ‘டிக்’ என்று அடிக்க, எங்கள் கருவியிலும் அந்த அடி விழுந்தது.

“காட்டுமாடு வேலிக்கு அந்தப் பக்கமே நிக்குதுங்க. நிறுத்துனா வெரசா உள்ள வந்துரும். வாழை பூராம் போச்சு” என்றார் அவர்.

“ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லுங்களேன், மேடம்” என்றார் மதிப்பீட்டுக் குழுத் தலைவர்.

“விண்வெளிக்குப் போனா யார்கிட்ட சார் நிறுத்தச் சொல்றது? ஓடட்டும்” என்றார் மேடம்.

நல்லவேளையாக உச்சிவேளைக்குள் சூரியன் ஒருமுறை வெடித்தது. ஜீப் ஓடி முடித்து வந்ததும் குழுத் தலைவர் கண்ணில் பட்டது என் பெட்டிதான். திறந்து காட்டச் சொன்னார். திரை முழுக்க வேலியின் அடிதான் முள்முள்ளாக நின்றது. சூரியன் இருந்த சுவடே இல்லை. மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை எனக்கு.

பிறகு மேடம் தன்னுடைய கூட்டல் கழித்தல் கணக்கை ஓடவிட்டார். ஒரு நிமிடம் திரையில் எதுவும் தெரியவில்லை. அதன்பின் சீரான அலைக்கோடு ஒன்று நிதானமாக எழுந்து வந்தது. வேலியின் அடி எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன, மேடத்தின் கணக்கில் அது வெறும் ஒரு கூட்டல், அல்லது ஒரு கழித்தல். அதற்கு மேல் அதற்கு மரியாதை கிடையாது. அவரைச் சந்தேகித்ததற்கு வெட்கமும், தாங்க முடியாத சந்தோஷமும் எனக்கு ஒன்றாக வந்தன.

குழுத் தலைவர் எழுந்து நின்றார். “தொடருங்க மேடம். நான் எழுதித் தர்றேன்.”

அதுவரை யாரிடமும் குரலை உயர்த்தியே பேசாத மேடம், “ஜெயிச்சாச்சு!” என்று இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார். நாங்களும் சேர்ந்து கத்தினோம். வேலிப்பக்கம் தடதடவென்று ஏதோ ஓடும் சத்தம்.

தோட்டக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். “மேடம் போட்ட சத்தத்துல மாடு ஓடியே போச்சுங்க. இப்ப வேலிய நிறுத்திரவா?”