மினுக்கிய என்ஜின் நம்பர்

இன்று மாலை வேலை முடிந்து வரும்போது, துறைமுக வீதிச் சோதனைச் சாவடியில் என் மோட்டார் சைக்கிளை மறித்தார்கள்.

என்ஜினில் குத்தியிருக்கும் நம்பரைப் பார்க்க ஆமிக்காரர் குனிந்து டோர்ச்சை நேராக அடித்தார். வெறும் பளபளப்புத்தான் தெரிந்தது.

"நம்பர் எங்க? அழிச்சதா?"

துவக்கின் குழல் என் பக்கம் திரும்பியது. அவர்கள் வாசிக்கச் சுகமாக இருக்கட்டும் என்று நேற்று அதைத் தேய்த்து மினுக்கியதே நான்தான்.

"சேர், லைற்றைப் பக்கத்தால அடிச்சுப் பாருங்கோ." கையை நீட்டிக் காட்டப் பயம்.

சரித்து அடித்தார். குழிகளில் நிழல் விழ, நம்பர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

"சரி, போ."

இனி அந்த இடத்தைத் துணியால்கூடத் தொடமாட்டேன்.

உங்கள் வண்டிகளெல்லாம் நல்ல அழுக்குத்தானே?