தகடு அடித்த கார்

சில்வெஸ்டருக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. கோயிலில் பூசை நடக்கும்போதும் வலது கால் இல்லாத ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டிருக்கும். மலாயாவில் ஈஜோக் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையின் கார் டிரைவர் அவன். அவசரகாலத்தில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோது, தினமும் கோலசிலாங்கூருக்குப் போய் வந்தவன்.

கம்யூனிஸ்டுகள் காட்டிலிருந்து சுடுகிறார்கள் என்று துரை காருக்கு இரும்புத் தகடு அடித்தார். கதவுக்குத் தகடு, ஜன்னலுக்குத் தகடு, போதாததற்கு ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு முழுத் தகடு. குண்டு நுழையாது, சரி. காற்றும் அல்லவா நுழையாமல் போனது! ஈஜோக்கைத் தாண்டியதும் என்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டர் முள் சிவப்புக்கு ஏறிவிடும். ரப்பர்க் காட்டு வளைவில் இறங்கி, பானெட்டைத் தூக்கி, ஆவி அடங்கும்வரை காத்திருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். அதே வளைவில்தான் லோரி டிரைவர் முருகையா, டயர் மாற்ற இறங்கியபோது சுடப்பட்டுச் செத்தான். தகடு காருக்குத்தான். இறங்கி நிற்கிறவனுக்கு என்ன இருக்கிறது? சட்டைதான்.

சில்வெஸ்டர் பார்க்காத வைத்தியம் இல்லை. ரேடியேட்டரை அலசினான், ஹோஸ் மாற்றினான், பெல்ட்டை இறுக்கினான், தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கியே எறிந்தான். முள் மசியவில்லை. தகட்டைக் கழற்றலாமா என்று கேட்டதற்குத் துரை முடியாது என்றார். மனைவி முரியலிடம் இதையெல்லாம் சொல்வானா? "வண்டி எங்கயும் நிக்காது லா, அழுத்துனா பறக்கும்" என்று அளந்துவிடுவான். நிஜம் தெரிந்தால் அன்றைக்கே வேலையை விடச் சொல்வாள். வேலை போனால் குடியிருக்கும் தோட்டத்து வீடும் போய்விடும்.

ஒரு யோசனை மட்டும் மிச்சமிருந்தது. கார் சீமையிலிருந்து ஹீட்டரோடு வந்திருந்தது. இந்த வெயிலுக்கு அது எதற்கு என்று தோட்டமே கேலி செய்த சாமான். ஆனால் என்ஜினின் கொதிதண்ணீர்தான் அதற்குள் ஓடி அனலைத் தருகிறது. திறந்துவிட்டால் என்ஜின் கொஞ்சம் ஆறுமே! துரையை வைத்துக்கொண்டு எப்படிச் சோதிப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோலசிலாங்கூரில் தங்கியிருந்த துரையை அழைத்துவரக் காலிக் கார் கிளம்பியது. பூசைக்குப் போய்விட்டு அக்கா வீட்டில் தங்குவதாக முரியலும் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

ஈஜோக் தாண்டியது. முள் ஏறியது. சில்வெஸ்டர் ஹீட்டர் திருகைத் திறந்தான்.

"சேசுவே! என்னாங்க இது, காலு வேவுது!"

"கொஞ்சம் பொறு."

"பூசைக்குப் போறமா, அடுப்புக்குள்ள போறமா?"

ஜன்னல் முழுக்கத் தகடு. அனல் எங்கே போகும்? புதுச் சேலை வேர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டது. முரியல் பொறுத்துப் பார்த்தாள், பிறகு குனிந்து திருகை மூடிவிட்டாள். இறங்கத் தொடங்கியிருந்த முள் மறுபடி ஏறியது. சில்வெஸ்டர் கத்தினான்.

"தொறந்துவிடு! தண்ணி கொதிச்சா வண்டி நின்னுரும். அப்புறம் அந்த வளைவுல எறங்கணும்."

"எந்த வளைவு?"

"முருகையா செத்த எடம்."

முரியல் அவன் முகத்தையே பார்த்தாள்.

"தெனமும் அங்கதான் எறங்கி நிக்கிறீங்களா?"

அவன் ரோட்டைப் பார்த்து ஓட்டினான். முரியல் திருகைக் கடைசிவரை திருப்பித் திறந்து, அதன்மேலேயே கையை வைத்துக்கொண்டாள். முள் சிவப்புக்குக் கீழே நின்று நடுங்கியது. வளைவு வந்தது. இருபுறமும் ரப்பர் மரங்கள், ஆள் அரவமில்லை. கார் நிற்காமல் வளைந்து ஓடியது.

புக்கிட் பெலிம்பிங் ஊர் வந்தும் அவள் கையை எடுக்கவில்லை.

"திரும்பி வர்றப்ப தொர இருப்பாரே. மூடச் சொன்னாருன்னா?"

"மூடித்தான் ஆவணும். அவரு சொன்னா நான் என்னா செய்யிறது?"

வேலையை விடச் சொல்வாள் என்று அவன் காத்திருந்தான்.

"நான் அக்கா வீட்டுல தங்கல," என்றாள் முரியல். "ஒங்ககூடவே திரும்புறேன். முன்னாலதான் ஒக்காருவேன். எந்தத் தொர சொன்னாலும் இத மூட விடமாட்டேன்."