ஆனையூர் வீட்டை நான் ஒளிக்கவில்லை

கடனைக் கட்ட வழியில்லாமல், மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துத் திவாலாகிவிடுவது என்று முடிவாகிவிட்டது. வீட்டை என்ன செய்வது என்பதில்தான் எங்கள் வீட்டில் சண்டை.

என் பெயர் பஞ்சவர்ணம். மதுரை ஆனையூரில் இருக்கிறேன். என் கணவர் கல்யாணங்களுக்குப் பந்தல் போடுகிறவர். கடன் வாங்கிப் புது ஜெனரேட்டரும் விளக்குகளும் எடுத்த நேரம் பார்த்துக் கொரோனா வந்தது. மண்டபங்கள் பூட்டிக் கிடந்தன. வட்டி கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட இன்னொன்று. கேட்டு வருகிறவர்களுக்குப் பயந்து அவர் வாசல் பக்கமே போவதில்லை. ஒருநாள் பிள்ளைகள் முன்னால் அழுதுவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

அப்போதுதான் பேரையூரிலிருந்து என் அண்ணன் வந்தார்.

"தாயி, வீட்டை எம் பேருக்கு எழுதிப்புடுங்க. அப்பறம் மாப்ள கோர்ட்டுல திவால் மனுவப் போடட்டும். ரெண்டு மூணு வருசம் கழிச்சுத் திருப்பி எழுதித் தாரேன்."

என் அப்பாவும் மாமனாரும் அடுத்தவர் காட்டில் கூலிக்கு நின்றவர்கள். இரண்டு குடும்பத்திலும் ஒரு பத்திரத்தில் முதன்முதலில் பெயர் வந்தது எங்கள் இருவருக்கும்தான். என் கையெழுத்து இல்லாமல் அந்த வீடு எங்கும் போகாது.

திவால் மனு போடுவது பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்றுமே இல்லாதவர்களுக்குச் சட்டம் வைத்த வழி அது. எங்களுக்கு வீடு இருந்தது. அதை ஒளித்துவிட்டு, இல்லை என்று கோர்ட்டில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஒளிக்க மாட்டேண்ணே. வித்துக் குடுத்துட்டுப் போறேன்."

"பைத்தியமா ஒனக்கு? தெருவுல நிப்பீக!"

"நின்னா நிக்கிறோம். திருடியா நிக்க மாட்டேன்."

அண்ணன் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

கடன் கொடுத்த ஒவ்வொருவரிடமும் நானே போனேன். நோட்டீஸ் வராது, வீட்டை விற்றுத் தருகிறோம், பொறுங்கள் என்றேன். சிலர் திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். ஆனால் வீடு விற்கவில்லை. எங்களுக்குக் கடன் கொடுத்த பைனான்ஸ்காரர் ஒருவர் அதைப் பாதி விலைக்குக் கேட்டார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் வில்லங்கம் இருக்கிறது என்று சொல்லிக் கலைத்துவிட்டார்.

ஆடி இரண்டாம் வெள்ளி. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி எங்கள் சொந்த ஊர்க் காளியம்மனிடம் போனேன். சுற்றிலும் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் வெறுங்கையோடு நின்றேன். குனிந்து கும்பிடவும் இல்லை.

"வீட்டைக் காப்பாத்துன்னு கேக்க வரல. நாயமான வெலைக்கு, என் கையால விக்க விடு. எவன் கால்லயும் விழுக விடாத. இம்புட்டுகூட முடியாதுன்னா, நீ எதுக்குச் சூலத்தோட நிக்கிற?"

பூசாரி திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பைனான்ஸ்காரர் இரண்டு ஆட்களோடு வந்தார். வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எழுதிக் கொண்டுவந்த கிரைய ஒப்பந்தத்தை நீட்டினார்.

"கையெழுத்தப் போடும்மா. உங்க ஆளுகளுக்கெல்லாம் எதுக்கு மாடி வீடு?"

அந்த நொடியில் என் பயம் போய்விட்டது.

"எங்க ஆளுக ஒழைச்சுக் கட்டுன வீடு. வெலை சொல்ல வேண்டியது நான். எந்திரிங்க மொதல்ல!"

எனக்கு அப்படியொரு குரல் இருப்பது அன்றைக்குத்தான் தெரியும். உள்ளே இருந்த என் கணவர் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

அந்த நேரம் காதர் பாய் வந்தார். ஆரப்பாளையத்தில் பந்தல் துணி விற்பவர். அவருக்கும் நாங்கள் பாக்கி. கேட்கத்தான் வந்திருக்கிறார். கேட்டில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போனை எடுத்து யார் யாரையோ கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் எங்களுக்குக் கடன் கொடுத்த பூக்கடைக்காரரும் பாத்திரக்கடைக்காரரும் வந்து இறங்கினார்கள். எல்லோரும் சேர்ந்து எங்களைப் பிடுங்கப் போகிறார்கள் என்றே நினைத்தேன்.

பாய் பைனான்ஸ்காரரைப் பார்த்துச் சொன்னார்: "நோட்டீஸ் குடுக்காம, மூஞ்சிக்கு நேரா வந்து பேசுன பொம்பள இது. நீங்க பாதி வெலைக்கு அமுக்கிட்டா எங்க காசுக்கு யாரு ஜவாப்? வீடு விக்கட்டும். உங்களுக்கு உள்ளத வாங்கிக்கங்க. நாங்க இருக்கோம், பாப்போம்."

பைனான்ஸ்காரர் எல்லார் முகத்தையும் பார்த்தார். காகிதத்தை மடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். யாரைக் கண்டு பயந்தேனோ அவர்களையே அம்மன் எனக்குக் காவலாக நிறுத்தினாள்.

ஆவணி முடிவதற்குள் பாய்க்குத் தெரிந்த ஒரு குடும்பம் வந்து நியாயமான விலை கொடுத்தது. பத்திர ஆபீஸில் என் கையால் கையெழுத்துப் போட்டேன். தலை குனியவில்லை. பைனான்ஸ்காரர் உட்பட எல்லோருக்கும் கொடுத்து முடித்தோம்.

இப்போது அதே ஆனையூரில் வாடகை வீடு. பந்தல் வேலை மறுபடி நடக்கிறது. பாய் கடனுக்குத் துணி தருகிறேன் என்கிறார்; நான்தான் வேண்டாம் என்கிறேன். அண்ணன் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பேசும்போது பேசட்டும்.

"ஒங்க அம்மன் வீட்டைக் காப்பாத்தலயே" என்று கேட்கிறவர்கள் உண்டு. நான் வீட்டைக் கேட்கவே இல்லை. கேட்டதை அவள் கொடுத்தாள். என் கணவர் இப்போது வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார். இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

கடனில் தவிக்கிற அக்கா தங்கச்சிகளே, பயந்துபோய் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் அவளிடம் போங்கள். கண்ணீரோடுதான் போக வேண்டும் என்றில்லை. கோபத்தோடு போனாலும் அவள் கேட்பாள்.