மாலை ஆறு மணி என்று நான் டைப் அடித்தது

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதைக் கேட்டால் நீங்களும் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள்.

அப்போது கள்ளக்குறிச்சி கோர்ட் எதிரில் டைப் அடித்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். கச்சிராயபாளையத்தில் பழைய விமானப்படைக்காரர் ஒருவர் இறந்துபோனார். பர்மா சண்டையில் எதிரி விமானம் ஐந்தை வீழ்த்தியவர். அவர் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்த சண்டை விவரத்தை, மனைவியின் பென்ஷன் மனுவுக்காகத் தமிழில் அடித்துக் கொடுத்தேன். அந்தம்மாவுக்கு வேறு வருமானமே கிடையாது. மனு திரும்பி வந்துவிட்டது. காலையில் பறந்தவர் மாலை ஆறு மணிக்கு எப்படிச் சண்டை போட்டார், நேரம் ஒத்துவரவில்லையாம். அவர் எழுதியிருந்தது "சிக்ஸ் ஓ கிளாக்கில் எதிரி" என்று. மாலை ஆறு மணி என்று அடித்தது நான். இதில் என்ன தப்பு என்று அந்தம்மாவிடமே கேட்டுவர சைக்கிளில் கிளம்பினேன்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த நேரம். பஸ் இல்லை, ரோட்டை மறிக்க வழியெல்லாம் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். ஒரு மரத்தைத் தாண்ட சைக்கிளைத் தூக்கி இறக்கினேன், காதருகே ஓர் ஆண்குரல், "சிக்ஸ் ஓ கிளாக்!"

நம்பினால் நம்புங்கள், நான் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தேன். மணி பத்தரை. எவனோ கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்தேன். மறுபடி அதே குரல், தொண்டை கிழிய, "சோமு!" சட்டென்று திரும்பினால், பின்னால் நின்ற புளியமரம் என் மேல் சாய்ந்து வருகிறது. பள்ளத்தில் குதித்தேன். சைக்கிள் அப்பளமாகிவிட்டது.

மரம் வெட்டியவர்கள் ஓடிவந்தார்கள். "நீங்க நின்னுக்கினு இருந்ததே தெரிலண்ணா, நாங்க யாரும் கொரலு குடுக்கலியே" என்றான் ஒருவன்.

மீதி வழியை நடந்தே போய் அந்தம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அது மணி இல்ல தம்பி. கடியாரத்துல பன்னெண்டு நேரா இருந்தா ஆறு முதுகுப் பக்கம்தானே, பறக்கறவங்க அப்டிதான் சொல்லிக்குவாங்க" என்றார். "சோமு இவருகூட பறந்தவன். அவன் முதுகுக்குப் பின்னால எதிரி வந்தப்ப இவரு கத்திக்கினே இருந்தாரு, அவன் திரும்பவே இல்ல. சாவுற வரைக்கும் தூக்கத்துல அதையே கத்துவாரு. நீயாச்சும் திரும்புனியே" என்று அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

"பின்பக்கம்" என்று திருத்தி அடித்துக் கொடுத்தேன், பென்ஷன் வந்தது.

இறந்தவர் எழுதிய தாளில் சோமு என்ற பெயர் எங்குமே இல்லை. அதுகூடப் போகட்டும். என் பெயர் ராஜேந்திரன். சோமு என்று கூப்பிட்டதற்கு நான் ஏன் திரும்பினேன்?