நண்டு இறங்காத தண்ணீர்

அந்தக் கண்ணாடித் தொட்டியை நினைத்தால் அதன் மூடிதான் முதலில் கண்ணுக்கு வரும். மரச்சட்டத்தில் கொசுவலைக் கம்பி அடித்து, மேலே இரண்டு செங்கல். கண்ணாடியில் நண்டு ஏறாது என்று நம்பியிருந்தேன். மூலைகளில் தடவிய சிலிக்கான் பசையைப் பற்றிக்கொண்டு ஏறும் என்பதைக் காட்டித் தந்தவர் பாரிவாக்கத்தில் எங்களுக்கு மாடியை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர். கீழே அவரும் மனைவியும் இருந்தார்கள். சுற்றியிருந்த மனைகளெல்லாம் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து நெல்வயல். விற்றது போக மிஞ்சியவை வீடு, பின்னால் வாடகைக்கு விட்ட ஒரு மனை, இரண்டுக்கும் நடுவில் ஒரு கிணறு.

அந்தக் கிணறுதான் அவருடைய கௌரவம். நாங்கள் குடிவந்த அன்று, சாமான் இறங்கும் முன்பே ஒரு செம்புத் தண்ணீரோடு வாசலில் நின்றார். “குடிச்சிப் பாரு சார், எளநி மாதிரி கீதா இல்லியா?” இளநீர் மாதிரிதான் இருந்தது. ஆனாலும் பழக்கத்தால் நாங்கள் கேன் தண்ணீரே வாங்கினோம். அந்த வண்டியின் ஹாரன் கேட்டாலே கீழிருந்து குரல் வரும்: “வந்துட்டான் பாரு, பன்னீர் விக்கிறவன்!” கிணற்றை இரும்பு வலையால் மூடி மோட்டார் வைத்திருந்தார். அவர்களுக்குச் சமையலுக்கும் குடிக்கவும் அந்தத் தண்ணீர்தான்.

நண்டு விஷயம் அவர் மகளால் வந்தது. சிறுவயதிலிருந்தே இளைப்பு உள்ள பெண். மார்பு கட்டினால் அம்மா வைக்கும் வயல் நண்டு ரசம்தான் அவளுக்கு மருந்து. வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள். முன்பு கொல்லை வரப்பிலேயே கிடைத்த நண்டு இப்போது கால்வாய் ஓரம் மிஞ்சிய சில வயல்களில்தான் உண்டு. கிடைக்கும்போது பிடித்து உயிரோடு வைத்துக்கொள்ள வேண்டும். வாளியில் வைத்தால் ஒன்றையொன்று கிழித்துக்கொள்ளும். என்னிடம் சும்மா கிடந்த மீன்தொட்டியைத் தருகிறேன் என்றேன். பாதி நிலம், பாதி நீர் என்று தாளில் வரைந்தும் காட்டினேன்.

கட்டிய நாட்கள் இனிமையானவை. குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சாய்வாக ஒட்டினோம். நிலப்பக்கத்தில் அடியில் கூழாங்கல், அதன்மேல் அடுப்புக்கரி, அதன்மேல் கால்வாய் வயலின் களிமண். வளைக்குப் பதில் உடைந்த ஓட்டுத் துண்டுகள். மண் கரையாமலிருக்க வல்லாரையும் கோரையும் நட்டோம். நீர்மட்டத்தை நான் அளவுகோல் வைத்துப் பார்த்தபோது அவர் சிரித்தார். “நண்டுக்கு ஸ்கேலு வேணாம் சார், ரெண்டு கால வச்சிப் பாத்துக்கும்.” அவர் மனைவி வாசற்படியில் நின்று, “நண்டுக்குக் கண்ணாடி மாளிகை கட்டிகினு கீறாரு. எனக்கு ஒரு மிக்சி மாத்தித் தரத் துப்பில்ல” என்றார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, நண்டுகளை விட்டோம். அவை நீரோரம் வரை வந்தன. முன்காலை நனைத்தன. பிறகு பின்வாங்கி, எதிர்மூலைக்குப் போய் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நின்றன. பசை வாடை என்றார் வீட்டுக்காரர். தொட்டியைக் கழுவி நாட்கணக்காக வெயிலில் வைத்து, புதுத் தண்ணீர் ஊற்றினோம். மறுபடியும் அதே மூலை. மண் சரியில்லை என்றார், மண்ணை மாற்றினோம். “பயந்துகினு கீதுங்க” என்றார். இரண்டு நண்டுகள் செத்தன. தண்ணீர் பளிங்காக இருந்தது, வாடை இல்லை. அவர் குடத்திலிருந்து அதே கிணற்றுத் தண்ணீரை ஒரு டம்ளர் குடித்துவிட்டு மகளுக்கும் ஒன்று கொண்டுபோனார்.

ஒருநாள் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. மோட்டார் ஓடவில்லை. தொட்டியைக் கழுவி வைத்திருந்ததால் மாடியிலிருந்து எங்கள் கேன் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றி, நண்டுகளை விட்டேன். பேசிக்கொண்டே நிமிர்ந்தபோது பெரிய நண்டு சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. அது மூழ்கியது. பின்னாலேயே மற்றவையும் இறங்கின. நீருக்கடியில் அவற்றின் வாயருகே குமிழிகள் வந்தன.

வீட்டுக்காரரின் பார்வை தொட்டியிலிருந்து கிணற்றுக்கும், கிணற்றிலிருந்து பின்மனைக்கும் போனது. அங்கே பழைய ரசாயனப் பீப்பாய்களைக் கழுவி விற்கும் ஒரு கொட்டகை இருந்தது. மனையை அவர்தான் வாடகைக்கு விட்டிருந்தார். கழுவிய நீர் எங்கே போகிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. மண் குடித்துக்கொண்டிருந்தது. அப்போது உள்ளேயிருந்து மகள் குரல் கொடுத்தாள்: “நைனா, தண்ணி குடு, தொண்ட காயுது.”

சமையலறைக்குப் போனவர் குடத்தைக் கவிழ்த்தார். என் கேனைத் தூக்கிக்கொண்டு போய் அதிலிருந்து ஊற்றிக் கொடுத்தார்.

“இன்னா நைனா, இது நம்ம தண்ணி இல்லியே?”

“கெணத்துல தூரு வாரணும்மா. கொஞ்ச நாளைக்கு இத்தக் குடி.”

அன்று மாலையே கொட்டகைக்காரரைக் காலி செய்யச் சொன்னார். ஆனால் அவள் வந்த நாளிலிருந்து குடித்தது குடித்ததுதான். பிரசவம் வரை அவர் அவளை நேராகப் பார்த்துப் பேசி நான் காணவில்லை. பெண் குழந்தை பிறந்தது. விரல்கள் சரியாக இருக்கின்றனவா என்று நர்ஸிடம் திரும்பத் திரும்பக் கேட்டாராம். அவர் மனைவி அதை வேடிக்கையாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு நாங்கள் கள்ளிக்குப்பத்துக்கு மாறிவிட்டோம். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது உள்ளே நுழைந்தேன். பின்மனையில் புல் முளைத்திருந்தது. பன்னீர் விற்பவனின் கேன்கள் வாசலில் வரிசையாக இருந்தன. பேத்தி ஓடிவந்தாள். பேச்சுக்கு நடுவே ஒரு சீழ்க்கை போல அவள் மூச்சு கேட்டது. “அவங்கம்மா மாதிரி” என்றார் மனைவி. இருக்கலாம். நானும் தலையாட்டினேன். அவர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தொட்டி இப்போது கிணற்றடியில் இருக்கிறது. நல்ல மழை பெய்து ஓயும்போதெல்லாம் கிணற்று நீரை அதில் ஊற்றி, ஒரு நண்டைப் பிடித்துவந்து விட்டுப் பார்க்கிறாராம். அன்றும் ஊற்றியிருந்தார். முக்காலியில் உட்கார்ந்து, மூச்சடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா தாத்தா பாக்குற?” என்று குழந்தை கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள்.

“எறங்குதான்னு பாக்கறேன் கண்ணு.”

நண்டு நீரோரம் வந்தது. முன்காலை நனைத்தது. பிறகு மெல்லப் பின்வாங்கி, மூலைப் பசையைப் பற்றிக்கொண்டு மேலே ஏறத் தொடங்கியது. அவர் எழுந்து, மூடியின் மேலிருந்த செங்கற்களைச் சரியாக நகர்த்தி வைத்தார்.