பஸ் நிறுத்தத்தில் ஹல்தி குங்கு

ஒரு கையில் லத்தியும் மறு கையில் டீ வடிகட்டியுமாக நின்ற பெண் போலீசை நான் பார்த்திருக்கிறேன். ஒருவரை அல்ல, ஒரு வேன் நிறைய ஆட்களை. எதற்கெடுத்தாலும் ஃபோனை நீட்டிப் படம் எடுக்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஆனால் அன்று என் இரண்டு கைகளும் குங்குமத் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தன. அதனால் படம் இல்லை. நான் சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

அது எல்லாரும் சிக்கனம் பேசிய வருஷம். ஆர்டர் இல்லை என்று, மகாராஷ்டிரத்தில் நாங்கள் இருந்த சிஞ்ச்வட் பக்கத்து உதிரிபாகத் தொழிற்சாலைகள் ஷிப்டுகளைக் குறைத்தன. அப்பா வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருந்தார். ஏற்கெனவே துடைத்த மின்விசிறியை மறுபடியும் துடைத்தார். எனக்கு விமான் நகரில் ஓர் ஆபீசில் வேலை கிடைத்திருந்தது, சேரும் தேதியை மட்டும் தள்ளிக்கொண்டே போனார்கள். படித்துவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் என்ன செய்வாள்? பொருளாதார நெருக்கடி பற்றி வீடியோ வீடியோவாகப் பார்த்துவிட்டு சாப்பிடும் நேரத்தில் வீட்டாருக்கு வகுப்பு எடுத்தேன்.

"ஏட்டி, ரசத்த ஊத்திட்டுப் பேசு" என்பாள் அம்மா.

அந்தச் சிக்கனம் ஒரு பஸ்ஸின் வழியாக எங்கள் குடியிருப்புக்குள்ளேயே வந்தது. எங்கள் பகுதியான நிக்டியிலிருந்து விடியும் முன் கிளம்பும் முதல் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். வருமானம் இல்லாத தடங்களைக் குறைக்கிறோம் என்று தூணில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அந்த பஸ்ஸில் போனவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவர்கள், கேன்டீனில் சப்பாத்தி தேய்ப்பவர்கள், பேக்கிங் வேலைக்காரர்கள். எங்கள் எதிர்வீட்டு அத்தையும் அவர்களில் ஒருத்தி.

அத்தை என்றால் அப்பாவின் உடன்பிறப்பு இல்லை. திருநெல்வேலிப் பக்கம் அடுத்தடுத்த ஊர்க்காரர்கள், அவ்வளவுதான். அவள் அப்பாவை அண்ணே என்றாள். அதனால் எனக்கு அத்தை ஆனாள். மாமா ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். அவர் இறந்த பிறகு அதே தொழிற்சாலையின் கேன்டீனில் அத்தை ஒப்பந்த வேலைக்குப் போனாள். அங்கே உள்ளே நுழைய பாஸ் வேண்டும். பாஸ் கிடைக்க போலீஸ் விசாரணை நடக்கும். வருஷா வருஷம் போலீஸ் சௌக்கியிலிருந்து ஆள் வந்து, இவள் பெயரில் கேஸ் ஏதாவது உண்டா என்று கேட்டுவிட்டுப் போவார். கேஸ் இருந்தால் பாஸ் கிடையாது. பாஸ் இல்லாவிட்டால் வேலை இல்லை.

அந்த பாஸை நாடாவில் கோத்து, சேலைக்குள் கழுத்தில் போட்டிருப்பாள். "இதாம்ட்டி என் சங்கிலி" என்று எடுத்துக் காட்டிச் சிரிப்பாள்.

பஸ் வருவது நின்றுபோனதும் அத்தை நடக்க ஆரம்பித்தாள். இருட்டில், நெடுஞ்சாலை ஓரமாக, லாரிகளுக்கும் நாய்களுக்கும் நடுவில். ஷேர் ஆட்டோக்காரர்கள் அந்த நேரத்தில் எழுந்திருப்பதே இல்லை. ஓரிரு முறை தாமதமாகப் போனாள். இன்னொரு தடவை தாமதமானால் பாஸைத் திருப்பி வாங்கிக்கொள்வோம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

அந்த பஸ்ஸைத் திரும்ப விடச் சொல்லிப் பெண்கள் முதலில் கூடிய நாளில் நானும் போனேன். ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஆங்கிலத்தில் அட்டைகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் இருந்த வார்த்தையைப் படிக்க எனக்கே மூச்சு வாங்கியது. அதைத் தூக்குவதற்குள் போலீஸ் வந்துவிட்டது. லத்தியைத் தரையில் தட்டிக்கொண்டே வந்தவர்கள், தரையோடு நிறுத்தவில்லை. எங்கள் கீழ்வீட்டு மராத்திக்காரப் பெண்மணிக்குத் தோளில் ஓர் அடி விழுந்தது. ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பவர். எல்லாரும் மராத்தி முறைப்படி சித்தி என்ற அர்த்தத்தில் காக்கூ என்று கூப்பிடுவோம். இனிமேல் ஐந்து பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடக் கூடாது என்று மைக்கில் அறிவித்துவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் காக்கூவின் தோளுக்கு அம்மா தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். காக்கூ திடீரென்று சிரித்தார்.

"சங்கராந்தி முடிஞ்சாச்சு. ஹல்தி குங்கு வைக்க யாராவது போலீஸ்கிட்ட பர்மிஷன் கேப்பாங்களா?"

மகாராஷ்டிரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: சங்கராந்தி கழிந்து சில வாரங்கள் வரை இங்கே கல்யாணமான பெண்கள் ஒருவரை ஒருவர் அழைத்து மஞ்சளும் குங்குமமும் வைப்பார்கள். எள்ளுருண்டை கொடுத்து, இனிமையாகப் பேசு என்பார்கள். கூடவே வீட்டுக்கு உதவுகிற சின்னப் பொருள் ஒன்றும் தருவார்கள். தட்டை நீட்டினால் யாரும் மறுப்பதில்லை. அழைப்பதும் வாசலுக்கு நேரில் போய்த்தான். குங்குமம் வைத்து, இந்த இடத்துக்கு வா என்று சொன்னால் போதும். நான் உற்சாகமாக வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கப் போனேன். காக்கூ என் ஃபோனை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். "இது போலீசுக்கும் தெரியும். குங்குமம் தெரியாது."

அப்படித்தான் எங்கள் குடியிருப்பின் பெண்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். நானும் கூடப் போனேன். இரண்டே நாளில் ஒரு வரி எழுதாமல், ஒரு செய்தி அனுப்பாமல் ஊரைத் திரட்டினார்கள். எனக்குத் தெரிந்த எந்த வீடியோவிலும் இந்த வித்தை இல்லை.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. கணவனை இழந்தவர்களுக்கு ஹல்தி குங்குவில் இடமில்லை. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அத்தைதான் முந்திக்கொண்டாள்.

"எள்ளுருண்டைய நான் புடிச்சுத் தாரேன். அன்னைக்கு டப்பாவத் தூக்கிட்டு வந்து பின்னால நிக்கேன்."

"நீங்க எதுக்கு மதினி வாரீக?" என்றாள் அம்மா. "கேஸ் கீஸ்னு ஆயிட்டா உங்க பாஸுல்லா போவும்?"

"பஸ்ஸு வரலன்னாலும் பாஸு போவத்தான் செய்யும். எப்படிப் போனா என்ன, ஒரு தடவ நின்னு பாத்துட்டுப் போவட்டும்."

கேன்டீனுக்கு விடுமுறையான அந்த ஹல்தி குங்கு நாள் காலையில் அத்தை கழுத்திலிருந்து பாஸைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தாள். "அண்ணே, இத வச்சுக்கோங்க. தள்ளுமுள்ளுல அந்து போயிரும்." அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பஸ் நிறுத்தத்தில் பாய் விரித்து, ரங்கோலி போட்டு, நல்ல சேலை உடுத்திய பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். என் ஆங்கில அட்டைகளுக்கும் வேலை கிடைத்தது: கவிழ்த்துப் போட்டு அவற்றின் மேல் எள்ளுருண்டை டப்பாவை வைத்தார்கள். காக்கூ மொத்தமாக வாங்கியிருந்த டீ வடிகட்டிகள் ஒரு மூட்டை.

போலீஸ் வேன் வந்தது. இறங்கிய இன்ஸ்பெக்டர் ஒரு பெண். நடுத்தர வயது, கலைந்த தூக்கம் கண்ணில் தெரிந்தது.

"என்ன நடக்குது இங்க?" என்றார் மராத்தியில்.

"ஹல்தி குங்கு, மேடம். நீங்களும் வாங்க" என்றார் காக்கூ.

"பஸ் நிறுத்தத்திலயா?"

"பஸ்தான் வரதில்லையே மேடம். இடம் சும்மாதானே கிடக்கு!"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காக்கூ அடிபட்ட தோளோடு எழுந்து தட்டை நீட்டினார். இன்ஸ்பெக்டர் தட்டைப் பார்த்தார், தன் ஆட்களைப் பார்த்தார், பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நெற்றியைக் காட்டினார். அவ்வளவுதான், பெண் போலீசார் ஒவ்வொருவராக வந்தார்கள். லத்தியை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒருத்தி முழங்காலுக்கு இடையில் செருகிக்கொண்டாள். ஆளுக்கொரு எள்ளுருண்டை, ஆளுக்கொரு வடிகட்டி. "எங்க வீட்டுல நேத்துதான் அறுந்துச்சு" என்று ஒருத்தி சந்தோஷப்பட்டாள். இப்படியே முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஜீப் ஒன்று வந்தது. மேலதிகாரி இறங்காமலே பார்த்தார். "கல்யாணமா இங்க? எல்லாரையும் வேன்ல ஏத்து!"

உத்தரவு வந்ததும் அதே கைகள் மாறின. ஓர் இளம் கான்ஸ்டபிள் என் தட்டைத் தட்டிவிட்டாள். குங்குமம் பறந்து அவள் காக்கிச் சட்டையிலேயே விழுந்தது. ஒரு பெண்ணைத் தோளைப் பிடித்து இழுத்ததில் அவள் ரங்கோலி மேல் விழுந்தாள்; முழங்கை சிராய்ந்து ரத்தம் வந்தது. "கையை விடு! நடந்து வருவாங்க, இழுக்காதே!" என்று இன்ஸ்பெக்டர் தன் ஆட்களை நோக்கிக் கத்தினார். அதற்குப் பிறகு யாரையும் இழுக்கவில்லை. அதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

நான் அவரிடம் ஓடினேன். யாரையும் கேட்கவில்லை, வாய் தானாகவே ஓடியது. "மேடம், அதோ டப்பா வச்சிருக்காங்களே, அவங்களுக்கு மட்டும் கேஸ் வேண்டாம். வேலை போயிடும்" என்று ஹிந்தியில் கெஞ்சினேன்.

இன்ஸ்பெக்டர் அத்தையைப் பார்த்தார். பொட்டில்லாத நெற்றி. ஜீப்புக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "இந்தம்மாவுக்கு ஹல்தி குங்குல என்ன வேலை? உருண்டை கொண்டு வந்திருக்காங்க, அவ்வளவுதான். மாவ்ஷி, நீங்க வீட்டுக்குப் போங்க."

காப்பாற்றத்தான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேனில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அத்தை டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். போ என்று அம்மா கண்ணால் கெஞ்சினாள். பாஸ் அப்பாவிடம் பத்திரமாக இருந்தது. திரும்பி நடந்தால் போதும்.

அத்தை டப்பாவைக் கீழே வைத்தாள். காக்கூவிடம் நடந்து போனாள். தலையைக் குனிந்து மராத்தியில், "எனக்கும் வைங்க" என்றாள்.

காக்கூ ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. முதலில் மஞ்சள், பிறகு குங்குமம். கையில் ஒரு டீ வடிகட்டி. அத்தை அதை இடுப்பில் செருகிக்கொண்டு வேனுக்குப் போனாள். என் தட்டைத் தட்டிவிட்ட கான்ஸ்டபிள்தான் கதவருகே நின்றிருந்தாள்.

"படி ஒசரமா இருக்கு. கையக் குடு" என்றாள் அத்தை, தமிழில்.

அந்தப் பெண்ணுக்கு மொழி புரியவில்லை. நீண்ட கை புரிந்தது. பிடித்துத் தூக்கிவிட்டாள்.

சாயங்காலம் வரை சௌக்கியில் உட்கார்ந்திருந்தோம். மிச்ச எள்ளுருண்டை எல்லார் மடியிலும் சுற்றி வந்தது. அத்தை என்னைக் கிள்ளினாள். "ஏட்டி, உன்கிட்ட நான் சொன்னனா? இனி எனக்காவ யார்கிட்டயும் கெஞ்சப்படாது, கேட்டியா?" பிறகு தன் மடியிலிருந்து ஓர் உருண்டையை என் வாயில் திணித்தாள். விளக்கு ஏற்றும் நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்து எல்லாரையும் போகச் சொன்னார். அவர் நெற்றியில் குங்குமம் இன்னும் அழியாமல் இருந்தது. "ஹல்தி குங்குவுக்கு நான் எந்த செக்ஷன் போடுறது?" என்றார், யாரையும் பார்க்காமல். ஆனால் ஜீப்பில் வந்தவர் என்ன எழுதுவார் என்று எங்களுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். பாஸ் அவர் கழுத்தில் தொங்கியது. கையில் வைத்திருக்கப் பயமாக இருந்ததாம். அத்தை அன்று அவ்வளவு சிரித்தாள்.

கொஞ்ச நாளில் முதல் பஸ் திரும்பி வந்தது. நிறுத்தியபோது ஒட்டியது போல் காகிதம் எதுவும் ஒட்டவில்லை. சத்தமில்லாமல் வந்து நின்றது, பெண்களும் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டார்கள். அத்தைக்கு மட்டும் இன்னொன்று பாக்கி இருந்தது. போலீஸ் விசாரணை.

கோடையில் அது வந்தது. அனுப்பப்பட்ட ஆள் அதே இளம் கான்ஸ்டபிள். அக்கம்பக்கத்துச் சாட்சியாக என்னையும் அத்தை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். நான் வாயைத் திறக்கவே இல்லை, நம்புங்கள்.

"மாவ்ஷி, உங்க மேல கேஸ் ஏதாவது இருக்கா?" என்று மராத்தியில் கேட்டாள்.

"நீங்கதான் சொல்லணும். என்னை வேன்ல ஏத்தினீங்களே" என்றாள் அத்தை, அவள் மொழியிலேயே.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள்.

"வேனைக் கேக்கல. கேஸைக் கேட்டேன்."

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

"எங்ககிட்டயும் இல்ல. நான் பார்த்துட்டுத்தான் வந்தேன்."

எழுதி முடித்தாள். அத்தை டீ போட்டு வடிகட்டினாள். கான்ஸ்டபிள் அந்த வடிகட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்ல சாமான். எங்க வீட்டுல இன்னும் ஓடுது" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "உன் குங்குமம் என் சட்டையை விட்டுப் போகவே இல்ல, தெரியுமா?" என்றாள்.

"என் தட்டும் நெளிஞ்சுதான் கிடக்கு" என்றேன். அதற்கு மேல் வாயை அடக்க முடியவில்லை.

அவள் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும் வரை அத்தை வாசலில் நின்று பார்த்தாள். பிறகு பாஸைச் சேலைக்குள் தள்ளிக்கொண்டு, "போ ஏட்டி, நான் படுக்கணும். நாளைக்கு முத பஸ்ஸுக்குப் போவணும்லா" என்று கதவைச் சாத்தினாள்.